பங்கிடுதல் என்ற வினை

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவிலே இளைஞர் சார்பில் தமிழைப்பற்றிச் சிறிது நேரம் பேசவேண்டுமெனச் செயலாளர் அவர்கள் பணித்தார்கள். தமிழின் தொன்மையையும் இனிமையையும் எம்மினும் கற்றுவல்ல பெரியோர் இம்மேடையிலே பலமுறை எடுத்துரைத்துள்ளனர். அவற்றை மீண்டும் நாம் கூறப்புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆகவே ஒரேயொரு வினைச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள்முன் நிற்கின்றோம். பங்கிடு என்பதே அச்சொல். அடுப்படியிலும் தோட்டத்திலும் கோயில் மண்டபத்திலும் நீதிமன்றத்திலும் நாள்தோறும் வழங்குகின்ற சொல் அது. எல்லார்க்கும் தெரிந்த சொல்லுக்கு ஓர் உரை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அச்சொல்லின் பொருளை மறந்தமையால் எமது வீட்டுக் கிணற்றடி இரண்டு வருடங்கள் பேச்சின்றிக் கிடந்தது. அதனாலேயே இச்சொல்லைத் தெரிந்தெடுத்தோம்.

முதலிலே சொல்லை நோக்குவோம். பங்கு என்பது பெயர். இடு என்பது வினை. இலையிலே சோறு இடுகின்றோம். இரப்போர்க்குப் பிச்சை இடுகின்றோம். இடுதல் என்றால் வைத்தல், கொடுத்தல். எனவே உரியவர்க்கு உரியதை அவர்முன் வைப்பதே பங்கிடுதல். இவ்வினை மூன்று வினாக்களுக்கு விடை கேட்கும்: எதனை? யாருக்கு? எந்த அளவில்? மூன்றுக்கும் விடை கூறாதவரை பங்கீடு முற்றுப்பெறாது. பிரித்தல் என்னும் வினைக்கோ முதல் வினா ஒன்றே போதும். பொதியைப் பிரிக்கலாம், கூரையைப் பிரிக்கலாம், யாருக்கு, எவ்வளவு என்று சொல்லவேண்டிய கடமை அங்கே இல்லை. வகுத்தல் கணக்குக்கு உரியது. அதிலே கிடைக்கும் விடைக்கு ஈவு என்று பெயர்; ஈதல் என்பதோடு உறவுடைய பெயர் கணக்குப் புத்தகத்துக்குள்ளும் இருப்பது மகிழத்தக்கது. பகிர்தல் என்பதிலே கொடுப்பவரும் ஒரு பங்குகாரர். தம்மிடம் உள்ளதைத் தாமும் உண்டு பிறர்க்கும் தருவார். கூறுபோடுதல் என்று சொன்னாலோ கத்தியே கண்முன் வந்து நிற்கின்றது. 1842 ஆம் ஆண்டிலே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சிட்ட தமிழ் அகராதி முதலாக எத்தனையோ அகராதிகள் எமது குடாநாட்டு உழைப்பால் வெளிவந்தன. அகராதியிலே அருகருகே நிற்கும் சொற்கள் தோட்டத்திலே வெவ்வேறு வேலை செய்கின்றன என்பதே நாம் கண்ட உண்மை.

இச்சொற்களுக்குப் பின்னே பகு என்னும் பழைய வேர் ஒன்று உண்டு. பகுதி, பாதி என்பன அதன் பிள்ளைகள். அறத்துப்பால், பொருட்பால் என்பவற்றிலுள்ள பால் என்பதும் பகுக்கப்பட்டது என்ற பொருளுடையது. நன்னூலார் சொற்களையே பகுபதம், பகாப்பதம் என இருவகைப்படுத்தினார். நாங்கள் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுகின்ற பாத்தியும் இவ்வேரிலே பிறந்ததுதான். திருவள்ளுவர் பகுத்து உண்ணும் உணவைப் பாத்தூண் என்று குறித்து, அதனை இல்வாழ்க்கை அதிகாரத்திலும் ஈகை அதிகாரத்திலும் போற்றினார்.

இன்னும் ஒன்று உண்டு. பட்டினப்பாலையிலே கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலை பிறழாத நெஞ்சத்துக்கு ஓர் உவமை கூறுகின்றார். எருதுகளைப் பூட்டும் நுகத்தின் நட்டநடுவே செருகிய ஆணியே அவ்வுவமை. அந்த ஆணியை அவர் பகல் என்ற சொல்லால் குறிக்கின்றார். இரு பக்கமும் பகுத்து நடுவிலே நிற்பதனால் அது பகல் ஆயிற்று. ஆனால் பகை என்ற சொல்லையும் இதே வேரோடு சேர்த்துக் காணும் அறிஞர் உளர். ஒரே வேரிலிருந்து நடுவுநிலையும் வரலாம், பகையும் வரலாம். எது வரும் என்பது பகுப்பவர் கையிலே இருக்கின்றது.

இனி எமது வீட்டுக் கிணற்றடிக்கு வருவோம்.

உரும்பிராயிலே பிறந்தவர்க்குச் செம்மண்ணைப்பற்றியும் கிணற்றைப்பற்றியும் நாம் விளக்கவேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எமது குடாநாட்டிலே இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலே பெய்யும் மழை சுண்ணக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்குகின்றது. அதனை இறைத்தே புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் வாழையும் விளைவித்தோம். ஒரு கிணறு தோண்டுவது கல்லை உடைக்கும் வேலை. தனியொருவரால் இயலாத செலவு. ஆதலால் பல குடும்பங்களுக்கு ஒரு கிணறு என்ற பங்குக் கிணற்று வழக்கம் வந்தது. இரண்டு வளவுகளின் எல்லையிலே கிணறு இருக்கும். வேலி கிணற்றுக் கட்டு வரையும் வந்து நிற்கும். அப்பால் ஒரு வாளி, இப்பால் ஒரு வாளி. கீழே தண்ணீருக்கு வேலி இல்லை.

எமது பூட்டனார் வெட்டுவித்த கிணறு இன்று மூன்று வீட்டாருக்குப் பொதுவானது. உறுதியிலே ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று எழுதியிருக்கின்றது. ஆனால் அக்கிணற்றை நம்பியிருக்கும் தோட்டங்களோ சமமானவை அல்ல. சீதனமாகக் கொடுத்ததும் பின்னர் வாங்கிச் சேர்த்ததுமாகி, பெரியப்பாவுக்கு 8 பரப்பு, எமது தந்தையாருக்கு 6 பரப்பு, சித்தப்பாவுக்கு 4 பரப்பு என்று நிற்கின்றது. எம் ஊர்க் கணக்கிலே 18 குழி ஒரு பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே மூன்றும் சேர்ந்து ஓர் ஏக்கரும் 2 பரப்பும்.

துலா இருந்த காலத்திலே இவ்வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. துலா மிதிப்பவரும் மனிதர், பட்டை பிடிப்பவரும் மனிதர். ஒரு முறைக்கு மனிதரால் எவ்வளவு இறைக்க முடியுமோ அவ்வளவுதான் தண்ணீர். உடம்பின் களைப்பே அளவுகோலாக இருந்தது. நீர் இறைக்கும் மோட்டர் வந்தபின் அந்த அளவுகோல் போயிற்று. நேரத்தை வைத்துப் பங்கிட்டோம். ஆனால் பெரிய மோட்டர் ஒரு மணியில் இறைப்பதைச் சிறிய மோட்டர் இரண்டு மணியிலும் இறைப்பதில்லை. பெயரளவில் நேரம் சமம். வாய்க்காலிலே தண்ணீர் சமமில்லை.

ஒரு வருடம் மழை பொய்த்து, ஆவணியிலே கிணற்று நீர் கீழே போயிற்று. ஒரு சுற்றுக்கு 9 மணி நேரமே இறைக்கலாம் என்றாயிற்று. சித்தப்பா உறுதியைக் காட்டினார்: மூன்றில் ஒரு பங்கு, ஆகவே ஆளுக்கு 3 மணி. பெரியப்பா தோட்டத்தைக் காட்டினார்: 8 பரப்பு வாழை காய்கின்றது, நிலத்தின்படி எனக்கு 4 மணி, தம்பிக்கு 2 மணி. கணக்குப் போட்டுப் பாருங்கள். இருவர் கணக்கும் பிழையற்றது. பாடசாலையிலே விகிதசமப் பங்கீடு என்று பாடம் கற்றோம். ஆங்கிலேயர் இலத்தீனிலிருந்து பெற்று வழங்கும் புறோ ராட்டா என்ற தொடருக்கும் கணக்கிட்ட வீதத்தின்படி என்பதே கருத்து. ஆனால் எந்த வீதத்தின்படி என்று அத்தொடர் சொல்லாது. உறுதியின் வீதமா, பரப்பின் வீதமா? எமது சண்டை வகுத்தலிலே வரவில்லை. வகுக்கும் எண்ணைத் தெரிவதிலே வந்தது.

வார்த்தை தடித்தது. பெரியப்பா பெரிய மோட்டர் பூட்டினார். சித்தப்பா வழக்கு வைப்பேன் என்றார். கிணற்றைப் பிரித்துத் தாருங்கள் என்ற சொல் அன்றுதான் எமது வளவிலே முதன்முதல் கேட்டது. இரண்டு வருடம் ஒரு வீட்டுப் பொங்கலுக்கு மற்ற வீட்டார் போகவில்லை.

இங்கே எமது குற்றத்தையும் ஒப்புக்கொள்ளவேண்டும். உறுதியின்படி பார்த்தாலும் எமது பங்கு 3 மணி. பரப்பின்படி பார்த்தாலும் 3 மணி. எந்தக் கணக்கு வென்றாலும் எமக்கு நட்டமில்லை. ஆகவே நாம் வாய்திறக்கவில்லை. நடுவிலே நின்றோம், நடுவுநிலை நிற்கவில்லை. நட்டமில்லாதவர் பேசாதிருப்பதைப் பொறுமை என்று ஊர் பாராட்டும். அது பொறுமையன்று என்பதைப் பின்னர்தான் உணர்ந்தோம்.

சட்டம் இதற்கு என்ன சொல்கின்றது என்று தேடினோம். தேசவழமையை ஒல்லாந்தர் காலத்திலே, 1706 இல், திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார்; 12 முதலிமார் அதனைப் பார்த்து ஒப்பினர். 1806 இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு அளித்தனர். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகைசெய்து, எது யாரைச் சாரும் என்று கூறும் பங்கீட்டு நூல் அது. அதிலே எம் மனத்தைக் கவர்ந்தது முன்வாங்கும் உரிமை. பங்காளி ஒருவர் தமது பங்கை விற்க விரும்பினால் மற்றப் பங்காளிகளுக்கே முதலில் அறிவிக்கவேண்டும். 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் அதனை ஒழுங்குபடுத்தியது. மறுபுறத்தில், 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்கீழ், பொதுக்காணியைப் பிரித்துத் தருமாறு எந்தப் பங்காளியும் நீதிமன்றை நாடலாம். ஒன்று பங்காளிகளை ஒன்றாக வைத்துக்கொள்ளும் வழி. மற்றது ஒன்றாக இருக்க முடியாதவர்க்கு விடுதலை தரும் வழி. இரண்டும் வேண்டியவையே. ஆயினும் காணியைப் பாகம் பிரித்த பின்னரும் கிணற்றையும் வழிவாய்க்காலையும் பொதுவாக விட்டுவைப்பதை எமது பழைய உறுதிகளிலே காணலாம். நிலத்துக்கு எல்லைக்கல் நடலாம். தண்ணீருக்கு நடமுடியாது என்பதை அவற்றை எழுதிய நொத்தாரிசுமார் அறிந்திருந்தனர்.

இத்தேட்டத்திலே வன்னிக்கும் அப்பால், அநுராதபுரத்துக் குளத்துக் கிராமங்களிலே ஒரு வழக்கம் இருப்பதை அறிந்தோம். சிங்கள மக்கள் அதனைப் பெத்ம என்பர். பெதனவா என்றால் அவர்கள் மொழியிலே பங்கிடுதல். எமது வினைச்சொல்லுக்கு அயல்வீட்டு உறவு என்று சொல்லலாம். கேம்பிரிட்ஜ் அறிஞர் எட்மண்ட் லீச், புல் எலிய என்னும் கிராமத்தைப்பற்றி 1961 இல் வெளியிட்ட நூல் இத்தகைய கிராமங்களின் நிலத்தையும் நீரையும் ஆராய்கின்றது. பெத்மவின் முறை இதுதான்: குளத்திலே நீர் குறைந்த போகத்தில் வயல் முழுவதையும் விதைக்க முடியாது. அப்பொழுது குளக்கட்டை அண்டிய வயலை மட்டும் தெரிந்து, அதனை எல்லாக் கமக்காரருக்கும் அவரவர் சொந்த வயலின் வீதப்படி அந்தப் போகத்துக்கு மட்டும் பங்கிடுவர். குளத்தருகே வயலுள்ளவர் தமது நிலத்திலே பிறர் விதைக்க இடங்கொடுப்பார். கடைவாய்க்காலில் வயலுள்ளவரும் வெறுங்கையோடு நில்லார். மழை வந்தால் அவரவர் வயல் அவரவர்க்கே. எமது இரணைமடுவின் கீழும் சிறுபோகத்துக்கு முன் கூட்டங்கூடி, குளத்து நீரைப் பார்த்தே எத்தனை ஏக்கர் விதைப்பதென்று தீர்மானிக்கின்றனர்.

இதிலிருந்து நாம் கற்றது ஒன்று. விளைந்ததைப் பங்கிட எல்லாரும் வருவர். குறைந்ததைப் பங்கிடுவதற்கே இந்த வினைச்சொல் பிறந்தது. எமது வீட்டிலே நாங்கள் தண்ணீரைப் பங்கிட்டோம், பஞ்சத்தைப் பங்கிடவில்லை. அதனை ஒருவர் தலையிலே தள்ளப் பார்த்தோம்.

வீதக்கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்றும் எண்ணக்கூடாது. நாம் மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள். அங்கே திராட்சைத் தோட்டத்து எசமான் கதையைப் பலமுறை கேட்டோம். காலையில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்தான் அவன். இது கணக்குக்கு ஒவ்வாதே என்று சிறுவயதிலே எமக்குக் கோபம் வரும். வீட்டுக்கு வந்து கோயிலுக்குப் போனால், பூசை முடிந்து மோதகம் பங்கிடும்பொழுதும் அதே கணக்குத்தான்: உபயகாரருக்கும் ஒன்று, வீதியால் வந்த சிறுவனுக்கும் ஒன்று. பசிக்கும் தாகத்துக்கும் பரப்புக் கணக்கு இல்லை என்பதை வளர்ந்தபின் விளங்கிக்கொண்டோம்.

1995 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் எழுந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போன கதையை இங்குள்ள பெரியோர் எம்மிலும் நன்கறிவர். நாம் அப்பொழுது பிறக்கவில்லை. வீட்டிலே சொல்லக் கேட்டிருக்கின்றோம். முன்பின் அறியாத ஒருவர் வளவிலே பல குடும்பங்கள், ஒரு கிணறு. எமது பெரியப்பா, தந்தையார், சித்தப்பா மூவரும் அவ்வளவிலே ஒரே மரத்தின் கீழ் இருந்தார்கள். அக்கிணற்றிலே உங்களுக்கு எத்தனையில் ஒரு பங்கு என்று வீட்டுக்காரர் கேட்கவில்லை. குழந்தை உள்ள வீட்டாருக்கு முதல் வாளி என்று மட்டும் ஒழுங்கு செய்தார். அன்று பிறர் கிணற்றிலே பங்கு பெற்ற மூவர்தாம் பின்னர் தம் சொந்தக் கிணற்றிலே சண்டையிட்டனர்.

இதனை அவர்களுக்கு நினைவூட்டியவர் எமது அப்பாச்சி. இரண்டாம் வருடத்து ஆவணியிலே மூன்று பிள்ளைகளையும் கிணற்றடிக்கு அழைத்தார். "பிள்ளையள், கிணத்தைப் பிரிக்கேலாது. தண்ணியைத்தான் பங்கிடலாம். உங்களுக்கு ஏலாதெண்டால் சொல்லுங்கோ, நான் மண்ணைப் போட்டு மூடிவிடுறன்" என்றார். அன்றிரவு எமது தந்தையார் வாய்திறந்தார்.

ஒழுங்கு எளியது. குடிக்கவும் குளிக்கவும் சமைக்கவும் எடுப்பதற்குக் கணக்கில்லை. தோட்டத்துக்கு இறைப்பதில் உறுதியும் உரிமை, நிலமும் தேவை. ஆகவே 9 மணியிலே பாதியை உறுதியின்படியும் பாதியைப் பரப்பின்படியும் வைத்தனர். சித்தப்பாவுக்கு இரண்டரை, எமக்கு மூன்று, பெரியப்பாவுக்கு மூன்றரை. மூவருக்கும் பொதுவாக ஒரே மோட்டர். மின்சாரச் செலவு நேரத்தின் வீதப்படி. கிணற்றுக்குள்ளே ஒரு கல்லிலே வெள்ளைக்கோடு கீறினர். நீர் அதற்குக் கீழே போனால் மூவர் நேரமும் ஒரே வீதத்தில் குறையும். கொப்பி ஒன்று கிணற்றடியிலே தொங்குகின்றது. பழைய அன்பு முழுவதும் திரும்பிவிட்டது என்று சொல்லமாட்டோம். சென்ற பொங்கலுக்கு மூன்று வீட்டாரும் மூன்று வீட்டுக்கும் போனோம், அது போதும்.

தோழர்களே, இது ஒரு வீட்டுக் கதை மட்டுமாயின் உங்கள் நேரத்தை எடுத்திருக்கமாட்டோம். எமது நிலத்தடி நீர் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர். நவக்கிரி நிலாவரையிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். நீரியலார் ஒரு கணக்குக் கூறுவர்: கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உவர்நீரை அமுக்கி வைத்திருக்கும். மேலே ஓர் அடியை இழந்தால் கீழேயிருந்து 40 அடி உவர் எழும்பிவரும். இதுவும் ஒரு விகிதசமக் கணக்கு. இதனை எழுதிய கையோடு நாம் வழக்காட முடியாது. எமது கிணற்றுத் தண்ணீர் கல்லுக்குள்ளால் அயலவர் கிணற்றோடு உறவாடுகின்றது. மிதமிஞ்சி இடும் உரமும் அவ்வழியே போகின்றது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றிலே, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லைக்கு மேலே நைத்திரேற்று இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நாம் தண்ணீரைப் பங்கிடாவிட்டாலும், கேட்டை நிலம் எல்லாருக்கும் பங்கிட்டுவிடும்.

ஆகவே சங்கத்தின்முன் ஒரு சிறு வேண்டுகோள். அளக்காததைப் பங்கிட முடியாது. உறுப்பினர் ஒவ்வொருவரும் அடிக்கு ஒரு முடிச்சிட்ட கயிறு ஒன்று செய்து, பூரணை தோறும் தம் வீட்டுக் கிணற்று நீர் எத்தனை முடிச்சிலே நிற்கின்றது என்று பார்த்துக் கொப்பியிலே எழுதுவோம். அடுத்த ஆண்டு விழாவிலே அக்கொப்பிகளை இம்மேசையிலே வைப்போம். பழைய முறை ஒழுங்குகளை அறிந்த பெரியோர் அவற்றை எமக்குச் சொல்லித்தர வேண்டும். இதற்குப் பணம் வேண்டியதில்லை. கயிறும் ஒழுங்கும் போதும்.

எதனை, யாருக்கு, எந்த அளவில் என்ற மூன்று வினாக்களோடு இவ்வுரையைத் தொடங்கினோம். முதல் இரண்டுக்கும் உறுதியிலே விடை உண்டு. மூன்றாவதற்கு விடைகாண எல்லாரும் கிணற்றடிக்கு வரவேண்டும்; முக்கியமாக, நட்டமில்லாதவர்கள் வரவேண்டும்.